வயிற்றுவலியும் மாதவிடாய்த் தேதியும்

மாதவிடாயின்போது தோன்றும் வலியைப் பெண்ணாய்ப் பிறந்தவள் பொறுத்தே ஆகவேண்டும் என்னும் எண்ணம் நம் நாட்டில் நெடுங்காலமாய் வேரூன்றியுள்ளது. அவ்வலியின் பின்னே ஒரு நோய் மறைந்திருக்கலாம். அந்நோய் குடலையும் சிறுநீரகத்தையும்கூடத் தாக்கலாம். மருத்துவம் பயில்வோரும் சுகாதாரத் துறை அலுவலர்களும் இதனை நினைவிற்கொள்வது நன்று.

கருப்பையின் உட்புறத்தைப் போர்த்தியுள்ள படலத்தை ஒத்த திசு, கருப்பைக்கு வெளியே வளர்வதே எண்டோமெட்ரியோசிஸ். கருவுறும் வயதிலுள்ள பெண்களுள் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பேர், அதாவது உலகெங்கும் சுமார் 19 கோடிப் பேர், இதனால் துன்புறுவதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. மாதவிடாய்க் குருதியில் ஒரு பகுதி கருக்குழாய் வழியே பின்னோக்கிச் சென்று வயிற்றறையில் படிவதே காரணம் என அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1927-இல் விளக்கினார். அத்தகைய கசிவு பெரும்பாலான பெண்களிடம் உண்டு. நோயோ சிலருக்கே வருகிறது. ஆதலின் அவ்விளக்கம் முழுமையானதன்று.

சூலகத்தில் கட்டி, இடுப்பறையில் வலி, பிள்ளைப்பேறின்மை ஆகியவை இந்நோயின் வழக்கமான அடையாளங்கள். மருத்துவரை ஏமாற்றுபவை வேறு. அவற்றுள் நம் நாட்டுச் சூழலில் முதலிற் கருதத்தக்கது, வயிற்றில் குருதி கலந்த நீர் தேங்குதல். இது அரிதே. ஆயினும் ஓர் இளம்பெண் உப்பிய வயிறும் மெலிந்த உடலுமாய் வந்து நின்றால், காசநோய் மலிந்த நாட்டில் முதலில் அதையே ஐயுறுவது இயல்பு. சற்று மூத்தவளாயின் சூலகப் புற்றுநோய் என்ற அச்சம் எழும். சி.ஏ.125 என்னும் குருதிச் சோதனை இங்குக் கைகொடாது. இம்மூன்று நோய்களிலும் அதன் அளவு உயரக்கூடும். லேப்பராஸ்கோப் வழியே வயிற்றறையைக் கண்டு, சிறிது திசுவை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தாலே உண்மை புலப்படும். அதனைச் செய்யாமல் காசநோய் மருந்தை மாதக்கணக்கில் கொடுப்பது வீண் துன்பம்.

குடலில் இத்திசு பெரும்பாலும் மலக்குடலையும் அதனை ஒட்டிய பெருங்குடற் பகுதியையும் பற்றும். சிறுகுடலின் கடைப்பகுதியும் குடல்வாலும் சில வேளை இலக்காகும். குடற்சுவரின் வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கி வளர்வதால் உட்படலம் பெரும்பாலும் கெடுவதில்லை. கொலனோஸ்கோப்பில் பார்த்தாலும் யாதொரு குறையும் தெரியாதிருக்கலாம். தழும்பேறிக் குடல் சுருங்கி அடைபட்டபின், அவசர அறுவையில் நோய் வெளிப்படுவதுண்டு.

சிறுநீரகத்திலிருந்து பைக்குச் செல்லும் குழாயை இத்திசு இறுக்குவது இன்னும் கொடிது. அதில் வலியே இராமலும் போகலாம். சத்தமின்றி ஒரு சிறுநீரகம் செயலிழக்கும். ஆழ்ந்து பரவிய நோய் என்று தெரிந்தவுடன் சிறுநீரகங்களையும் அல்ட்ராசவுண்டில் பார்த்துவிடுவது எளிய காப்பு.

சிசேரியன் தழும்பில் தோன்றும் கட்டி மற்றொரு வகை. மாதந்தோறும் வீங்கி வலித்துப் பின் தணியும். குடலிறக்கம் என்றோ தையல் நூலின் விளைவு என்றோ இதனைத் தவறாகக் கொள்வர். மிகச் சிலருக்கே இது வரும். ஆனால் தேசியக் குடும்பநல ஆய்வுகளின்படி இந்தியாவில் சிசேரியன் பேறுகள் 2015–16-இல் 17.2 சதவீதமாகவும், 2019–21-இல் 21.5 சதவீதமாகவும் இருந்தமையால், அறுவை மருத்துவர் இதனை மறத்தலாகாது.

ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் 2022-ஆம் ஆண்டு நெறிமுறை, எல்லா நோயாளிகளுக்கும் லேப்பராஸ்கோப் தேவை என்ற பழைய விதியைத் தளர்த்திவிட்டது. தேர்ந்தவர் செய்யும் அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐ. படமும் பலரிடம் போதுமானவை. படம் தெளிவாயிருந்தால் நோய் இல்லை என்று முடிவு கட்டுவதும் தவறு என அந்நெறிமுறையே எச்சரிக்கிறது.

கருவிகளுக்கு முன்னே கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இவ்வலி, வீக்கம், மலத்தில் குருதி ஆகியவை மாதவிடாயை ஒட்டி மிகுகின்றனவா? நாளடைவில் வலி எந்நாளும் நீடிப்பதாக மாறிவிடக்கூடும். எனவே தொடக்கக் காலத்தில் எப்படியிருந்தது என்றும் வினவ வேண்டும். மருத்துவமனைக் குறிப்பேட்டில் கடைசி மாதவிடாய்த் தேதி எழுதப்படுகிறது. கருவுற்றிருக்கிறாளா என்று அறியவே அது பெரிதும் பயன்படுகிறது. வலி மிகுந்த தேதிகளையும் அதனருகே குறிக்க ஒரு கட்டம் போதும். மாமியாரோ கணவரோ உடனிருக்கையில் உண்மையான விடை கிடைப்பது அரிது; அப்பெண்ணைத் தனியே அமர்த்தி, ஒரு செவிலியர் கேட்டு எழுதலாம்.