சிறுதேரும் சிறுகவியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இப்பத்தாண்டுகளில் நம் வட்டத்தில் வாசிக்கப்பெற்ற கவிதைகளுள் பெரும்பாலானவை அளவால் சிறியவை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எனப் பாலாற்றங்கரையில் விரிந்து கிடக்கும் இத்தோல் நிலத்தின் வாழ்வை அத்துணைச் சிறிய இடத்தில் எவ்வாறு வைப்பது என்னும் வினா நம் கூட்டங்களில் பலமுறை எழுந்துள்ளது. அவ்வினாவுக்கு விடை தேட, இன்று ஒரு சிறு பொருளைத் துணைக்கொள்கிறேன். அது, அளவு குறைத்துச் செய்யப்பெறும் மாதிரிக் கார்.

இது நமக்குப் புதிய பொருளன்று. குறுந்தொகையின் 61ஆம் பாடலில் தும்பிசேர் கீரனார் ஒரு பொம்மைத் தேரைக் காட்டுகிறார். தச்சன் செய்த அத்தேரில் ஏறிச் செல்ல இயலாது. ஆயினும் கையால் இழுத்தே சிறுவர் இன்புறுவர் என்கிறாள் தோழி. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவமும் சிறுதேரே. ஊர்ந்து செல்லும் பயன் நீங்கிய பின்னும் தேரில் எஞ்சி நிற்கும் இன்பம் யாது? கவிதையைப் பற்றியும் கேட்கத்தக்க கேள்வி இது.

தோல் ஆலையொன்றின் பினிஷிங் பிரிவில் பணிபுரியும் என் தம்பிக்கு இத்தகைய கார்களைச் செய்வதில் பெருவிருப்பம். அவன் அண்மையில் செய்து முடித்தது ‘லிங்கன் ஃபியூச்சுரா’ என்னும் காட்சிக் கார். சாலைக்கென்று அல்லாமல், கண்காட்சி மேடைக்கென்றே ஒன்றே ஒன்றாக உருவாக்கப்பெற்றது அது. ஃபோர்டு நிறுவனத்தார் வடிவமைக்க, இத்தாலியின் தூரின் நகரில் கியா பட்டறையினர் கையால் அடித்து உருவாக்கினர். 1955இல் அது மக்கள்முன் வைக்கப்பெற்றது. ஏறத்தாழ 19 அடி நீளம். தலைக்குமேல் இரண்டு கண்ணாடிக் குமிழ்கள். பின்புறம் மீன்துடுப்புப் போன்ற இரு சிறகுகள். அதன் மாதிரியை 1956இல் ரெவெல் நிறுவனம் 25இல் ஒரு பங்கு அளவில் பிளாஸ்டிக் உறுப்புகளாக வெளியிட்டது. 19 அடி ஒன்பது அங்குலமாயிற்று.

பெட்டிக்குள் இருப்பது கார் அன்று. சட்டங்களில் ஒட்டிய உறுப்புகளே. ஒவ்வொன்றையும் நறுக்கி, அரத்தால் பிசிறு நீக்கி, சோப்பு நீரில் கழுவி உலர்த்த வேண்டும். பின்னர்ப் பிரைமர், அதன்மேல் வண்ணம். ஒரே பூச்சில் முடிக்க விரைந்தால் கதவின் விளிம்புக்கோடு வண்ணத்தில் மூழ்கிவிடும். எனவே மெல்லிய படலங்களாகத் தெளித்து, உலர்ந்தபின் நீர்த்தாளால் தேய்த்து, மீண்டும் தெளிக்கிறார்கள். தோலுக்கு வண்ணமும் லேக்கரும் தெளித்துப் பழகிய கைக்கு இது எளிதாக வந்தது. கண்ணாடிக் குமிழை மட்டும் வேறு வகையாகக் கையாண்டான். பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் பசையின் ஆவி பட்டால் அது புகைபடிந்ததுபோல் மங்கும். அங்கே வெள்ளைப் பசையே தகும்.

இனி, நான் இதைப் பேசத் தேர்ந்ததற்குக் காரணமான செய்தி. இருக்கைகளுக்கு மெய்யான தோலையே போர்த்த அவன் எண்ணினான். ஆம்பூரில் தோலுக்கா பஞ்சம்! ஆனால் ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள தோல், 25இல் ஒரு பங்கு அளவுள்ள காரில் 25 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலத் தடிப்புள்ளதாகத் தோன்றும். காலணிக்கூடத்து ஸ்கைவிங் எந்திரத்தில் இட்டுப் பாதியாகச் சீவினாலும் அரை அங்குலம் எஞ்சும். மயிர்க்கால்களின் புள்ளிகளோ அம்மையின் வடுக்கள்போல் பெருத்துத் தெரிந்தன. மெய்யான தோல் அங்கே தோலாக இல்லை. முடிவில் அதனை எடுத்துவிட்டு, வழவழப்பான பிளாஸ்டிக்கின்மீது பளபளப்பு அடங்கிய பழுப்பு வண்ணத்தைத் தெளித்தான். மடிப்புகளில் சிறிது நிழல் தீட்டினான். பார்த்தவர் அனைவரும் ‘தோல்’ என்றனர்.

வண்ணத்துக்கும் இவ்விதி உண்டு. மூலக் காரின் முத்தொளி வண்ணத்தில் மீன்செதிளின் சாரம் கலந்திருந்ததாகக் கூறுவர். சிற்றுருவில் ஒளித்துகள் சற்றே பருத்தாலும் மணல் தூவியதுபோல் இருக்கும். மாவினும் நுண்ணிய தூள் வேண்டும்.

கவிஞர்களே, நம் கவிதைகளில் மெய்யான தோலை அப்படியே ஒட்டுகிறோமா என்று எண்ணிப் பாருங்கள். 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் அளித்த தீர்ப்பும், குரோமியமும், உப்பேறிய கிணறும் நம் வரிகளில் பலகாலும் வருகின்றன. அவை உண்மைகள். எனினும் எட்டு வரிகளுக்குள் அவை அங்குலத் தடிப்போடு நிற்கின்றன. 2015 சனவரி 31இல் இராணிப்பேட்டையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து, அருகில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பதின்மர் மாண்டனர். இச்செய்தியில் எக்கூறு சுருங்கிய பின்னும் தன் எடையை இழக்காது? என் எண்ணத்தில், அது உறக்கம். தொழில் செய்த இடத்திலேயே படுத்துறங்க நேர்ந்த வாழ்வு முழுவதும் அச்சொல்லுள் அடங்கும்.

‘இது உண்மையை ஒளிப்பதாகாதா?’ என்று இளங்கவிஞர் கேட்கலாம். ஆகாது, விடுவதற்கும் உரிமை வேண்டும். தம்பி பழைய ஒளிப்படங்களைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு கோட்டையும் அளந்தான். முழுமையும் அறிந்தவனே எதை விடலாம் என்று துணிய முடியும். ஆலை வாயிலைக் கடந்தறியாதவர் சுருக்கினால் அது வெறுமையே.

இறுதியாக ஒன்று. அந்த ஃபியூச்சுரா இன்று இல்லை. 1959இல் ஒரு திரைப்படத்திற்காகச் சிவப்பு பூசப்பெற்றது. பின்னர் ஜார்ஜ் பாரிஸ் என்பவர் அதனையே மாற்றி, 1966இல் வெளிவந்த ‘பேட்மேன்’ தொலைக்காட்சித் தொடரின் கறுப்பு ஊர்தியாக்கினார். 1955இன் வடிவம் ஒளிப்படங்களிலும் இத்தகைய சிற்றுருவங்களிலுமே வாழ்கிறது. பெரியது உருமாறிற்று, சிறியது காத்து நிற்கிறது.

நம் நிலமும் உருமாறி வருகிறது. ஆவாரம்பட்டையிட்டுத் தோலை ஊறவைத்த குழிகள் அருகிவிட்டன. அவற்றுள் இறங்கி நின்ற கால்களை நேரில் கண்டவரும் குறைந்து வருகின்றனர். நாளை ஒருவர் அந்நாளைய ஆம்பூரைத் தேடிவந்தால், நம் மலர்களில் உள்ள சிறு கவிதைகளையே கையில் எடுப்பார். அவற்றின் அளவு பிழையாதிருக்கட்டும் என்று வேண்டி அமைகிறேன்.