பாதி வேலைதான் காளானுடையது

(திருப்பரங்குன்றத்தில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உடலியங்கியலைத் தமிழில் சொல்லித்தர முடியும் என்று கடைசிவரை பிடிவாதமாக நின்ற ஓர் ஆசிரியரின் நினைவாக அமைந்தது இந்தச் சொற்பொழிவு. நான் எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு நெருடலாக இருக்கலாம். ‘போதைக் காளானைப் பற்றிக் கல்லூரி மேடையில் பேசலாமா?’ என்று அழைப்பிதழைப் பார்த்துவிட்டுக் கேட்டார்கள். பேசத்தான் வேண்டும். இங்கிருந்து வத்தலக்குண்டு வழியாக மலையேறினால் ஒரு காலைப்பொழுதுக்குள் கொடைக்கானல் வந்துவிடும். அந்த மலையில் மழை பெய்து ஓய்ந்தபின் புல்வெளிகளில் முளைக்கும் காளானைத் தேடி வெளியூர் இளைஞர்கள் வருகிறார்கள். விற்பவர்கள் மீது வழக்குப் பதிவாகிறது. ‘மேஜிக் மஷ்ரூம்’ என்ற பெயர் இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களுக்குக் கைப்பேசி வழியாக ஏற்கெனவே அறிமுகம். பெயரை அறிந்தவர்கள் செயலையும் அறிந்துகொள்வது நல்லது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். இந்தக் காளானில் உள்ள சைலோசைபின் என்ற பொருள் மூளையில் பாதி வேலையைத்தான் செய்கிறது. மீதிப் பாதியை, அதை உட்கொண்ட ஆளும் அவர் இருக்கும் இடமும் கூட இருப்பவர்களும் செய்கிறார்கள். மருத்துவமனையில் இது மருந்தாகலாம் என்பதற்கும், மலை விளிம்பில் ஆபத்தாகிறது என்பதற்கும் காரணம் இதுவே.

1. கிள்ளினால் நீலம்

சைலோசைபி என்னும் பேரினத்துக் காளான்கள் பார்வைக்கு எளியவை. பழுப்புக் குடை, மெலிந்த தண்டு. ஆனால் தண்டை நகத்தால் கிள்ளினால், கிள்ளிய இடத்தில் நீலம் படரும். இதன் வேதியியலைச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் ஜெர்மனியின் யேனா நகர ஆய்வாளர்கள் விளக்கினார்கள். சைலோசைபின் மூலக்கூறில் ஒரு பாஸ்பேட் தொகுதி ஒட்டியிருக்கிறது. காயம் பட்டதும் காளானின் நொதி ஒன்று அதைக் கழற்றிவிடுகிறது. எஞ்சுவது சைலோசின். இன்னொரு நொதி அதை ஆக்சிஜனேற்றம் செய்ய, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீல நிறமாகின்றன.

இந்தக் கழற்றும் வேலை நம் உடம்புக்குள்ளும் நடக்கிறது. கல்லீரல் பரிசோதனைச் சீட்டில் ‘ஏ.எல்.பி.’ என்று ஒரு வரி இருக்குமே, அந்த ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் நொதிதான் குடலிலும் கல்லீரலிலும் சைலோசைபினின் பாஸ்பேட்டை நீக்குகிறது. பாஸ்பேட் இருக்கும்வரை அந்த மூலக்கூறால் இரத்த-மூளைத் தடுப்பை எளிதில் கடக்க முடியாது. அது நீங்கிய சைலோசின் கொழுப்பில் கரைவதால் கடந்துவிடும். ஆகவே மூளையில் வேலை செய்வது சைலோசின். சைலோசைபின் அதன் முன்வடிவம்.

விழுங்கிய 20 முதல் 40 நிமிடங்களில் விளைவு தொடங்குகிறது. ஒன்றரை மணி நேரத்தையொட்டி உச்சம் தொடுகிறது. நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் அடங்குகிறது. கண்ணின் பாவை விரியும், நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறும், பலருக்குக் குமட்டும். தன்னியக்க நரம்பு மண்டலமும் தூண்டப்படுவதன் அடையாளங்கள் இவை.

2. ஏற்பியில் நடப்பது

சைலோசினின் வடிவம், நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் செரோட்டோனினை ஒத்தது. நம் உடலின் செரோட்டோனினில் பெரும்பங்கு குடலில் இருக்கிறது. மூளையில் இருப்பது சிறு பங்குதான் என்றாலும் மனநிலை, உறக்கம், பசி எல்லாவற்றிலும் அதற்குக் கை உண்டு. செரோட்டோனின் வந்து அமரப் பல வகை ஏற்பிகள் இருக்கின்றன. அவற்றுள் ‘5-ஹெச்.டி. 2ஏ’ என்ற ஏற்பியே இங்கு முதன்மையானது. மூளைப் புறணியின் ஐந்தாம் அடுக்கிலுள்ள கூம்பு வடிவ நரம்பணுக்களில் இது நிறைந்திருக்கிறது. பல இடங்களிலிருந்து வரும் செய்திகளைச் சேர்த்து மேலே அனுப்பும் நரம்பணுக்கள் அவை.

இந்த ஏற்பியின் பங்கை உறுதி செய்த சோதனை எளிமையானது. 1998இல் சூரிச் நகரில் ஃபிரான்ஸ் ஃபோலன்வைடர் குழுவினர், அந்த ஏற்பியை அடைக்கும் கெட்டான்செரின் என்ற மருந்தைத் தன்னார்வலர்களுக்கு முதலில் கொடுத்தார்கள். பிறகு சைலோசைபின் கொடுத்தபோது மாயத்தோற்றங்கள் வரவில்லை.

இங்கே கூர்மையான மாணவர் ஒருவர் கேட்க வேண்டிய கேள்வி உண்டு. செரோட்டோனினும் அதே ஏற்பியில்தான் அமர்கிறது. அப்படியானால் நாம் ஏன் நாள் முழுவதும் மாயக்காட்சி காண்பதில்லை? 2023இல் கலிஃபோர்னியாவின் டேவிட் ஓல்சன் குழுவினர் ஒரு விடை முன்வைத்தார்கள். இந்த ஏற்பிகளில் கணிசமானவை நரம்பணுவின் உள்ளே இருக்கின்றன. செரோட்டோனினால் செல்சவ்வைத் தாண்டி உள்ளே செல்ல முடிவதில்லை. சைலோசினால் முடிகிறது. ஆய்வகத்தில் வளர்த்த நரம்பணுக்களிலும் எலிகளிலும் கண்டது இது. மனிதருக்கும் இவ்வாறே பொருந்துமா என்பதை இனிவரும் ஆய்வுகள் காட்டும்.

3. வடம் பிடிப்பவர்கள்

ஏற்பியிலிருந்து அனுபவத்துக்கு வருவோம். மாயத்தோற்றம் என்றால் மூளை கொதித்துக்கொண்டிருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 2012இல் வெளியான ஆய்வில், லண்டனைச் சேர்ந்த ராபின் கார்ஹார்ட்-ஹாரிஸ் குழுவினர் 30 பேருக்குச் சிரை வழியே சைலோசைபின் செலுத்தி, மூளையின் செயல்பாட்டைக் காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. படம் எடுத்தபோது நேர்மாறாக இருந்தது. மூளையின் மையக் கணுக்கள் சிலவற்றில் இரத்த ஓட்டம் குறைந்திருந்தது. சும்மா இருக்கும்போது ‘நான்’, ‘என் நேற்று’, ‘என் நாளை’ என்று ஓடிக்கொண்டிருக்கும் சிந்தனையோடு தொடர்புடைய ‘டிஃபால்ட் மோட்’ வலையத்தைச் சேர்ந்த கணுக்கள் அவை.

2024இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் இன்னும் நெருங்கிப் பார்த்தார்கள். ஏழு பேர்தான், ஆனால் ஒவ்வொருவரையும் மருந்துக்கு முன்பும், மருந்தின்போதும், பின்பும் திரும்பத் திரும்பப் படமெடுத்தார்கள். அவர்கள் கண்டதைப் புரிந்துகொள்ள, பங்குனித் தேரோட்டத்தில் இந்தக் குன்றைச் சுற்றி வரும் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். வடம் பிடித்த ஆயிரம் பேரும் ஒரே குரலுக்கு ஒரே நேரத்தில் இழுப்பதால் தேர் தன் தடத்தில் போகிறது. ஆளாளுக்கு ஒரு நேரத்தில் இழுத்தால் பலம் குறைவதில்லை, தடம்தான் தவறுகிறது. மூளையில் அவர்கள் கண்டதும் இதுவே. ஒன்றாகத் துடித்த நரம்பணுக் கூட்டங்களின் ஒத்திசைவு கலைந்தது. டிஃபால்ட் மோட் வலையத்தில் அந்தக் கலைவு மிகுதி. ‘நான்’ என்பதன் எல்லை கரைந்தது போலவும், காலம் நின்றுவிட்டது போலவும் பலர் சொல்வதற்கு இது அடிப்படையாக இருக்கலாம்.

மாற்றங்களில் பெரும்பாலானவை சில நாட்களில் மறைந்தன. நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸுக்கும் அந்த வலையத்துக்கும் இடையிலான தொடர்பு மட்டும் வாரக்கணக்கில் தளர்ந்தே இருந்தது. இன்னொன்றையும் பார்த்தார்கள். மருந்தின் உச்சத்தில் இருந்தவர்களிடம் ஒரு சிறு வேலையைக் கொடுத்துக் கவனிக்கச் சொன்னபோது, கலைந்த ஒத்திசைவு ஓரளவு மீண்டது. கவனம் எங்கே பதிகிறது என்பதைப் பொறுத்து மருந்தின் வேலையே மாறுகிறது. என் ‘மீதிப் பாதி’க்கு நரம்பியல் தரும் சான்று இது.

4. மருந்தாகுமா?

2021இல் யேல் பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் குவான் குழுவினர், ஒரே ஒரு முறை சைலோசைபின் பெற்ற எலிகளின் முன்மூளைப் புறணியை உயிரோடு படமெடுத்தார்கள். நரம்பணுக்கள் செய்தி வாங்கும் சிறுமுட்கள் எண்ணிக்கையிலும் அளவிலும் 24 மணி நேரத்துக்குள் சுமார் 10 சதவீதம் கூடியிருந்தன. புதியவற்றில் ஒரு பகுதி ஒரு மாதம் கழித்தும் நிலைத்தது. நீண்ட மனச்சோர்வில் இந்த இணைப்புகள் சுருங்குகின்றன என்பதால் மருத்துவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

மனிதர்களிடம் நடந்த பெரிய சோதனைகளில் ஒன்று 2022இல் வெளிவந்தது. மற்ற மருந்துகளுக்கு மசியாத மனச்சோர்வு கொண்ட 233 பேருக்கு 25, 10, 1 மில்லிகிராம் என மூன்று அளவுகளில் ஒருமுறை கொடுத்தார்கள். மூன்றாம் வாரத்தில் 25 மில்லிகிராம் பெற்றவர்களில் 37 சதவீதத்தினரின் நோய் பாதியளவாவது தணிந்தது. 1 மில்லிகிராம் பெற்றவர்களில் 18 சதவீதம். பலன் உண்மை, ஆனால் 25 மில்லிகிராம் பெற்றவர்களில் பன்னிரண்டாம் வாரம் வரை அது நீடித்தவர்கள் ஐந்தில் ஒருவரே. தற்கொலை எண்ணம் போன்ற பாதக விளைவுகள் மூன்று குழுக்களிலும் பதிவாயின. தனக்குக் கிடைத்தது எந்த அளவு என்பதை நோயாளியே ஊகித்துவிட முடியும் என்ற சிக்கலும் உண்டு. ஆஸ்திரேலியா 2023 ஜூலை 1 முதல், அங்கீகாரம் பெற்ற மனநல மருத்துவர்கள் மட்டும் இதைக் கொடுக்க அனுமதித்திருக்கிறது.

அந்தச் சோதனைகளில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். அதற்கு முன்பே நோயாளியோடு சிகிச்சையாளர் சில முறை பேசியிருப்பார். குடும்பத்தில் மனச்சிதைவு நோய், இருமுனைக் கோளாறு உண்டா என்று விசாரித்திருப்பார்; உண்டென்றால் சேர்ப்பதில்லை. லித்தியம் எடுப்பவர்களுக்கு வலிப்பு வந்த பதிவுகள் இருப்பதால் மாத்திரைப் பட்டியலும் பார்க்கப்படும். அன்று அமைதியான அறை, படுக்கை, கண்பட்டை, இசை. எடை தெரிந்த மாத்திரை. அடங்கும்வரை ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆட்கள் பக்கத்திலேயே இருப்பார்கள். மறுநாள் மீண்டும் பேச்சு. மாத்திரையை விழுங்க ஒரு நிமிடம். மற்ற ஏற்பாடெல்லாம் மீதிப் பாதிக்காக.

5. மெக்சிகோவின் பாடம்

இந்த மீதிப் பாதியை மெக்சிகோவின் மலைமக்கள் விஞ்ஞானத்துக்கு முன்பே அறிந்திருந்தார்கள். வாஹாகா மலையிலுள்ள வாவுட்லாவில் மரியா சபீனா என்ற வைத்தியப் பெண்மணி, நோய்க்காரர்களுக்காக இரவு முழுவதும் பாடி வழிபட்டுக் காளானைப் பயன்படுத்தினார். 1955இல் அமெரிக்க வங்கியாளர் கார்டன் வாசன் அந்தச் சடங்கில் கலந்துகொண்டு, 1957இல் ‘லைஃப்’ இதழில் எழுதினார். 1958இல் சுவிட்சர்லாந்தின் ஆல்பர்ட் ஹாஃப்மன் காளானிலிருந்து சைலோசைபினைப் பிரித்தெடுத்தார். பிறகு வாவுட்லாவுக்குப் படையெடுத்தவர்களுக்குக் காளான் மட்டும் வேண்டியிருந்தது. பாட்டும் வழிபாடும் வேண்டியிருக்கவில்லை. ஊர் சபீனா மீது சினந்தது. அவர் வீடு எரிக்கப்பட்டது.

நல்ல சூழல் அமைந்தாலே போதும் என்றும் நினைத்துவிட வேண்டாம். 1962இல் பாஸ்டன் நகரின் மார்ஷ் தேவாலயத்தில், புனித வெள்ளியன்று, இறையியல் மாணவர்கள் 20 பேரை வைத்து வால்டர் பான்கே ஒரு சோதனை நடத்தினார். சைலோசைபின் பெற்றவர்களில் பலர் அதை வாழ்நாள் அனுபவமாகப் போற்றினார்கள். அவர்களில் ஒருவரைக் கட்டுப்படுத்த அமைதிப்படுத்தும் ஊசி போட வேண்டியிருந்தது. அந்தச் செய்தி பல ஆண்டுகள் கழித்து நடந்த மறு ஆய்வில்தான் வெளியே வந்தது.

6. நம் மலையும் நம் சட்டமும்

தென்னிந்தியக் காளான்களை வகைப்படுத்தியதில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜனுக்குப் பெரும்பங்கு உண்டு. மெக்சிகோ அறிஞர் காஸ்டோன் குஸ்மான், தமிழ்நாட்டுச் சைலோசைபி இனம் ஒன்றுக்கு ‘சைலோசைபி நடராஜனீ’ என்று அவர் பெயரையே சூட்டினார்.

ஆனால் கொடைக்கானலில் தேனில் ஊறப்போட்டு ரகசியமாக விற்கப்படும் பொருளுக்கு இனப்பெயரும் கிடையாது, அளவும் கிடையாது. ஒரே புல்வெளியில் பறித்த இரண்டு காளான்களில்கூடச் சைலோசைபின் அளவு பலமடங்கு வேறுபடலாம். கல்லீரலைக் கொல்லும் நச்சுக் காளான்களில் இதே போன்ற சிறு பழுப்புக் குடைகள் உண்டு. நீலம் படர்ந்தால் பாதுகாப்பு என்பதும் தவறான நம்பிக்கை. இரவுக் குளிர், பக்கத்தில் பள்ளத்தாக்கு, கூட இருப்பவர்களும் அதே நிலையில். இந்தச் சூழலில் ஒருவருக்கு அச்சம் தலைக்கேறினால் பிடித்து உட்காரவைக்க யார் இருக்கிறார்கள்?

1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் சைலோசைபினும் சைலோசினும் இருக்கின்றன. 2025 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம், காளான் என்பது இயற்கைப் பூஞ்சை, அதன் மொத்த எடையையும் சைலோசைபின் எடையாகக் கணக்கிட முடியாது என்று ஒரு ஜாமீன் வழக்கில் கூறியது. ‘காளானுக்குத் தடையில்லை’ என்று சமூக ஊடகங்களில் இது திரிக்கப்பட்டது. நீதிமன்றம் பேசியது எடையைக் கணக்கிடும் முறையைப் பற்றி. வைத்திருப்பதற்கும் விற்பதற்கும் அது உரிமம் தரவில்லை.

அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு, மருத்துவத்துக்கும் அறிவியலுக்கும் உரிய அனுமதியோடு வழி விட்டிருக்கிறது. அந்த வழியில் நம் ஊர் ஆய்வாளர்கள் நடக்க வேண்டும். மலையில் முளைப்பவை எந்தெந்த இனங்கள், எதில் எவ்வளவு சைலோசைபின், எது நச்சு என்று அளந்து பட்டியலிடுவது தாவரவியல், வேதியியல் துறைகள் கூடிச் செய்யக்கூடிய வேலை. அந்தப் பட்டியல் இருந்தால் அவசர சிகிச்சை மருத்துவருக்கும் நீதிமன்றத்துக்கும் ஒருசேரப் பயன்படும். முதுகலை ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள், வழிகாட்டியோடும் முறையான அனுமதியோடும் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.