மண்ணைக் கழுவிவிடாதீர்கள்
(இளையரசனேந்தலில் நடைபெற்ற ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த ஊரின் வரலாறு எது என்று கேட்டால் பெரியவர்கள் பாளையத்தில் தொடங்கி ஜமீனுக்கு வருவார்கள். இன்னும் பின்னே போகச் சொன்னால் கழுகுமலை வெட்டுவான் கோவிலைக் காட்டுவார்கள். அது எட்டாம் நூற்றாண்டு. அதற்கும் முன்னால், எழுத்தே இல்லாத காலத்தில் இங்கே மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? நம் மாணவர்கள் கேட்கக்கூடிய இந்தக் கேள்விக்கு விடை மண்ணில்தான் இருக்கிறது.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு மண் கிண்ணத்தைக் கொண்டுவந்தான். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. வாய்வரை மண் இறுகியிருந்தது. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. குழாயடிக்குக் கொண்டுபோய் மண்ணைத் தட்டிக் கழுவி, துடைத்து, வகுப்பு அலமாரியில் வைத்தேன். "எங்கேப்பா கிடைத்தது?" என்றேன். "ஓடைக்கரையில சார்" என்றான். எந்த ஓடை, எவ்வளவு ஆழம், பக்கத்தில் வேறு என்ன இருந்தது என்று நான் கேட்கவும் இல்லை, எழுதவும் இல்லை. அன்று நான் செய்த பிழை என்ன என்பது எனக்குப் புரியப் பல ஆண்டுகள் ஆயின்.

நம்மைச் சுற்றியுள்ள சான்றுகளைப் பார்ப்போம். தமிழகத்தில் கற்கால ஆய்வு 1863இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு மே 30ஆம் நாள் நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் பூட் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். தெற்கே சாயர்புரம், மெஞ்ஞானபுரம் பகுதிச் செம்மணல் தேரிகளில் விரல் நுனி அளவே உள்ள நுண்கற்கருவிகள் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்து சோய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் 1956இல் கட்டுரை வெளியிட்டார்கள். வெங்கச்சங்கல்லிலும் செர்ட் வகைக் கல்லிலும் செய்த சிறு கூர்களை மரத்திலோ எலும்பிலோ பதித்து அம்பாகவும் கத்தியாகவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். நமக்கு வடக்கே வைப்பாற்றங்கரையில் உள்ள வெம்பக்கோட்டையில் 2022இல் தொடங்கிய அகழாய்விலும் நுண்கற்கருவிகள் கிடைத்தன. சங்கு வளையல்கள், மணிகள், சுடுமண் உருவங்கள் போன்ற பிற்காலப் பொருள்களும் அதே மேட்டில் கிடைத்தன. ஒரே மேட்டில் மனிதர்கள் திரும்பத் திரும்ப வாழ்ந்திருக்கிறார்கள்.

அடுத்தது இரும்பும் தாழியும். தாமிரபரணியின் தென்கரையில் உள்ள ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜெர்மானியர் ஜாகோர் தோண்டினார். அவர் எடுத்தவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தார். 114 ஏக்கர் பரப்புள்ள அந்தத் தாழிக்காட்டிலிருந்து பொன் நெற்றிப்பட்டங்கள், வெண்கல உருவங்கள், இரும்புக் கருவிகள் வெளிவந்தன. 1915இல் அவற்றின் பட்டியலும் அச்சானது. ஆனால், அவை எத்தனை ஆண்டுப் பழமை என்ற கேள்விக்கு ரீயால் விடை சொல்ல முடியவில்லை. அவர் காலத்தில் கரிமக் காலக்கணிப்பு என்ற முறையே கிடையாது. அது 1940களின் இறுதியில் வந்தது.

பிறகு 2004, 2005ஆம் ஆண்டுகளில் தொல்லியல் துறை அறிஞர் தி. சத்தியமூர்த்தி அங்கே மீண்டும் அகழ்ந்தார். அந்த அகழாய்வின் மாதிரிகளைப் பின்னர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியபோது கி.மு. 905, கி.மு. 696 என்ற காலங்கள் 2019இல் தெரியவந்தன. எந்தக் குழி, எந்த ஆழம் என்ற குறிப்போடு எடுத்து வைத்திருந்ததால்தான் இது முடிந்தது.

சிவகளை இதைவிடத் தெளிவான சான்று. அங்குள்ள பரம்பில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் நெல் இருந்தது. அதன் காலம் கி.மு. 1155 என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. அதே ஊர்த் தாழி ஒன்றின் கரித்துண்டை வைத்து இரும்பின் காலம் கி.மு. 3345 வரை செல்கிறது என்று 2025 ஜனவரி 23இல் தமிழக அரசு அறிவித்தது. இது குறித்து அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். அந்த விவாதமும் நல்ல பாடம்தான். பெருமை பேசுவதற்கு முன் சான்றைக் கேட்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு அதனால் வரும்.

இப்போது என் தவறு உங்களுக்குப் புரிந்திருக்கும். சிவகளைக்குக் காலம் சொன்னது பொன்னோ வாளோ அல்ல. தாழிக்குள் கிடந்த நெல்லும் கரியும்தான். என் மாணவன் கொண்டுவந்த கிண்ணத்துக்குள் இருந்த மண்ணில் என்ன இருந்தது? அதைக் குழாயடியில் கரைத்துவிட்டேன். கிண்ணம் அலமாரியில் இருந்தது. அதன் கதை சாக்கடையில் போனது.

ஆகவே மாணவர்களுக்கு நாம் முதலில் சொல்லித்தர வேண்டியது, பழைய பொருளைவிட அது கிடந்த இடம் பெரிது என்பது. தொடக்கப் பள்ளியில் இதை விளக்க வகுப்புக் குப்பைக்கூடை போதும். திங்கள் முதல் வெள்ளி வரை கொட்டாமல் வையுங்கள். பிறகு மேலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்லுங்கள். அடியில் திங்களன்று சீவிய பென்சில் தூள் இருக்கும், மேலே வெள்ளியன்று தின்ற மிட்டாய்த் தாள் இருக்கும். கூடையைக் கலக்கிவிட்டால் எது எந்த நாள் என்று யாராலும் சொல்ல முடியாது. மண்ணடுக்குப் பாடம் அவ்வளவுதான்.

உயர்நிலை வகுப்புகளில் பல பாடங்கள் இதில் சேரும். கரிமம் 14 பாதியாகக் குறைய 5,730 ஆண்டுகள் ஆகும் என்பதைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்ளலாம். கவிழ்த்துச் சுடும்போது காற்றுப் படாத உட்புறம் கறுத்து, காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவப்பது அறிவியல் ஆசிரியருக்கு. தாழி செய்யும் குயவரை நோக்கிப் புறநானூற்றில் பாடல்கள் இருப்பது தமிழாசிரியருக்கு. பெரும்பாலான தாழிக்காடுகள் நல்ல விளைநிலத்தில் இல்லாமல் சரள் மேட்டில் இருப்பது ஏன் என்று சமூக அறிவியல் ஆசிரியர் கேட்கட்டும். நம் கரிசல்காட்டுப் பிள்ளைகள் அதற்குத் தாங்களே விடை சொல்வார்கள்.

மழைக்குப் பிறகோ உழவிலோ ஓடு, தாழி, கூர்க்கல் ஏதாவது தென்பட்டால் நான்கு செய்திகளை நினைவில் வையுங்கள். தோண்டாதீர்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, இருந்த இடத்திலேயே படம் எடுங்கள். ஊர், புல எண், ஆழம், நாள், பார்த்தவர் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். பிறகு கிராம நிர்வாக அலுவலர் வழியாக வருவாய்த் துறைக்கும் தொல்லியல் துறைக்கும் தெரிவியுங்கள். மண்ணில் கிடைக்கும் புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் 1878 முதலே இருக்கிறது.

இன்று ஒரு மேட்டைச் சமன்செய்ய மண் அள்ளும் இயந்திரத்துக்கு ஒரு நாள் போதும். அந்த மேட்டில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாமலே போய்விடும். ஆடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் அந்தப் பக்கம் போகிற நம் பிள்ளைகளின் கண்ணில்தான் அது முதலில் படும். அவர்கள் ஓடிவந்து சொல்லும்போது, "எங்கே, எப்படி இருந்தது?" என்று நாம் கேட்க வேண்டும். அன்று நான் கேட்கத் தவறியதை நீங்கள் கேளுங்கள்.