ஈரலில் விழும் தழும்பு
(ஈப்போ வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சம்பளம், போனஸ், வீடு என்று பேசிப் பழகிய நாம் இன்று ஈரலைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். "இது டாக்டர் பேச வேண்டிய விஷயமாயிற்றே, கிராணிக்கு இதில் என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். செக்ரோல் எழுதுகிறவர்கள் நாங்கள். ஒரு தொழிலாளியின் பெயருக்கு நேரே முதலில் மாதம் ஒருநாள் விடுப்பு விழும். பிறகு வாரம் ஒருநாள். பிறகு ஆஸ்பத்திரிச் சீட்டு வரும்: கண் மஞ்சள், கால் வீக்கம், வயிற்றில் நீர். கடைசியில் அந்தப் பெயரின் மேல் கோடு போட வேண்டியிருக்கும். அந்தக் கோட்டைப் போட்ட கை எங்கள் கை. அதனால்தான் பேசுகிறோம்.

மரம் வெட்டுகிறவர்களுக்கு ஈரலை விளக்குவது எளிது. உளி பட்டையோடு நின்றால் புதுப்பட்டை வளருகிறது. அந்தப் பட்டையை மறுபடியும் வெட்டலாம். உளி கட்டையைத் தொட்டுவிட்டாலோ காயம் முண்டும் முடிச்சுமாக ஆறுகிறது. அந்த இடத்தில் ஒழுங்காக உளி போடவும் முடியாது, பாலும் வராது. ஈரலும் இப்படித்தான். தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும் உறுப்பு அது. ஆனால் நாள் தவறாமல் காயம் பட்டால், நல்ல சதை வளர வேண்டிய இடத்தில் நாரைப் போன்ற தழும்பு வளருகிறது. தழும்பு முற்றினால் ஈரல் சுருங்கி இறுகிப் போகும். மரத்துக்குக்கூட ஒன்றுவிட்டு ஒருநாள் ஓய்வு கொடுக்கிறோம். சம்சு குடிக்கிறவன் தன் ஈரலுக்கு அந்த ஓய்வையும் கொடுப்பதில்லை.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஈரல் கெட்டவரெல்லாம் குடிகாரர் அல்லர். ஹெப்பட்டைட்டிஸ் பி, சி என்னும் வைரஸ்களும், நீரிழிவும், உடற்பருமனும் சேர்ந்து ஈரலில் படியும் கொழுப்பும் இதே தழும்பை உண்டாக்கும். கள்ளை முகர்ந்தும் பாராத தாய்மாருக்கும் இந்நோய் வருகிறது. நோயாளியைக் குடிகாரன் என்று ஏசி மூலையில் உட்கார வைப்பது நம்மிடமுள்ள பெரிய பாவம். அந்த வெட்கத்துக்கு அஞ்சியே பலர் காலம் கடந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்.

தழும்பைக் கரைக்க வழியுண்டா? இந்தக் கேள்விக்குத்தான் விஞ்ஞானிகள் இன்று மரபணு மூலம் விடை தேடுகிறார்கள். மரபணு என்பது நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவுக்கும் உள்ளிருந்து வேலை சொல்லும் கட்டளை. ஈரலில் நட்சத்திர வடிவமான ஒருவகை உயிரணு உண்டு. சாதாரண நாளில் அது வைட்டமின் 'ஏ'யைச் சேமித்து வைக்கும் காவற்காரன். ஈரல் ஓயாமல் அடிபட்டால் அதே காவற்காரன் நார் உற்பத்தி செய்யத் தொடங்கிவிடுகிறான்.

ஜப்பானின் சப்போரோ மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-ல் ஒரு வழி காட்டினார்கள். நார் உருவாகத் துணை செய்யும் மரபணுவின் கட்டளையை அடக்கும் மருந்தைச் சிறு கொழுப்புத் துளிகளில் அடைத்து, துளிகளின் மேல் வைட்டமின் 'ஏ'யைச் சேர்த்தார்கள். அந்த வைட்டமினை விரும்பி இழுத்துக்கொள்ளும் காவற்காரன் மருந்தையும் சேர்த்து விழுங்கினான். எலிகளின் ஈரலில் தழும்பு கரைந்தது. அவை கூடுதல் நாள் உயிர் வாழ்ந்தன. பின்னர் மனிதரிடமும் இந்த வழி பரிசோதிக்கப்பட்டது. ஆனால் எலிக்குப் பலித்ததெல்லாம் மனிதனுக்குப் பலித்துவிடாது. ஈரல் தழும்பைக் கரைக்கும் மரபணு மருந்து எதுவும் இன்னும் விற்பனைக்கு அனுமதி பெறவில்லை. "மரபணு மருந்து" என்று சொல்லி ஒருவன் உங்கள் லயத்துக்குப் புட்டி கொண்டு வந்தால், அவனை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அதற்காக இது வெறும் கனவு என்று தள்ளிவிடவும் வேண்டாம். தமிழ்நாட்டு வேலூரில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், இரத்தம் உறையாத ஹீமோபிலியா நோயாளிகள் ஐவருக்கு மரபணு சிகிச்சை அளித்து, அதன் விவரத்தை 2024-ல் வெளியிட்டார்கள். சிகிச்சைக்குப் பின் கவனித்து வந்த காலத்தில் அவர்களுக்கு இரத்தக் கசிவு ஏற்படவில்லை. அது வேறு நோய்தான். ஆனாலும் இந்த வித்தை நம்மவர் கைக்கும் எட்டும் என்பதற்கு அதுவே சாட்சி.

சரி, அந்த மருந்து வரும்வரை என்ன செய்வது? உளியை நிறுத்துவது! காரணம் நீங்கினால் ஈரல் தானே ஆறத் தொடங்கும். ஹெப்பட்டைட்டிஸ் பி-யால் ஈரல் சுருங்கியிருந்த 96 பேருக்கு 5 ஆண்டுகள் வைரஸை அடக்கும் மருந்து கொடுத்துப் பார்த்ததில், 71 பேரின் ஈரல் அந்தச் சுருக்க நிலையிலிருந்து மீண்டிருந்தது என்று 2013-ல் அறிவித்தார்கள். 100-க்கு 74 பேர்! மரபணு மருந்து இல்லாமலே கிடைத்த பலன் இது.

நம் நாட்டில் குழந்தைகளுக்கு ஹெப்பட்டைட்டிஸ் பி தடுப்பூசி 1989 முதல் போடப்படுகிறது. எங்களைப் போன்ற முப்பது வயதுக்காரர்களில் பெரும்பாலோர் அந்தப் பாதுகாப்போடு வளர்ந்தோம். பாலை வாளியில் சுமந்து எங்களை வளர்த்த தாய் தந்தையருக்கு அது கிடைக்கவில்லை. 1989-க்கு முன் பிறந்தவர்கள் ஒருமுறையாவது இரத்தத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

விலை என்னாகும் என்று அஞ்சுகிறீர்களா? ஹெப்பட்டைட்டிஸ் சி-யைக் குணமாக்கும் சோஃபோஸ்புவிர் மாத்திரை 2013-ல் வெளிவந்தபோது, அமெரிக்காவில் 12 வாரச் சிகிச்சையின் விலை 84,000 டாலர். எந்தத் தொழிலாளி கொடுப்பான்? 2017-ல் மலேசிய அரசாங்கம், காப்புரிமைச் சட்டம் தனக்குத் தரும் உரிமையைப் பயன்படுத்தி, குறைந்த விலையில் அதே மருந்தை வரவழைக்க வழிசெய்தது. 2018 முதல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளுக்கு அது இலவசமாகவே கிடைத்தது. மருந்தைக் கண்டுபிடிப்பது விஞ்ஞானியின் கடமை. அது ஏழையின் வாய்க்கு எட்டுமா என்பதை முடிவு செய்வது சட்டமும், அந்தச் சட்டத்தைக் கேட்டுப் பெறுகிற மக்களும்தான். நாளை மரபணு மருந்து வந்தாலும் இதே கதைதான்.

ஆகவே இக்கூட்டத்தின் முன் ஒரு தீர்மானத்தை வைக்கிறோம். தோட்டத்தில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் ஈரல் சோதனைக்கு ஒருநாள், சம்பளம் பிடிக்காமல் விடுப்பு வேண்டும். இதைச் சங்கம் நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். ஒருநாள் சம்பளம் போய்விடுமே என்று அஞ்சித்தான் நம் மக்கள் சோதனைக்குப் போகாமல் இருக்கிறார்கள். அந்த ஒருநாளைச் செக்ரோலில் எழுத எங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை. பெயரின் மேல் கோடு போடுவதுதான் சிரமம்.