வகுப்பறைக்கு வரட்டும் கல்!

(மதுக்கரைப் படிப்பகத்தில் தோழர்களிடையே ஆற்றிய உரை)



தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் வினா எழுப்பிக் கற்கும் முறை பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். அரசியல் மேடையில் ஒன்றாம் வகுப்புப் பாடத்திற்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். வேலை இருக்கிறது, தோழர்களே! ஏன் என்று கேட்கப் பழகாத குழந்தை, வளர்ந்த பின்னர் ஏன் என்று கேட்கத் துணியாத குடிமகனாகத்தான் நிற்பான். வாக்குச் சாவடிக்கு வரும் வயது பதினெட்டு. வினாத் தொடுக்கும் வயதோ ஐந்து, ஆறு! அந்த வயதைக் கைவிட்டுவிட்டுப் பின்னர் பகுத்தறிவு பரவவில்லையே என்று பதறிப் பயனென்ன?

1953-ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். நாட்டுப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் படிப்பு. எஞ்சிய நேரம் வீட்டுத் தொழில்! இராசாசி அவர்களின் ஆட்சி கொண்டுவந்த திட்டம் அது. குலக்கல்வி என்று அதற்குப் பெயரிட்டுக் கொதித்தெழுந்தது தமிழகம். 1954-இல் காமராசர் முதலமைச்சரானார், திட்டம் கைவிடப்பட்டது. அப்போது கல்வி அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம் நம் கோவை மாவட்டத்தைச் சேர்ந்தவர்தாம்.

அந்த நினைவு நம் நெஞ்சில் பசுமையாக இருப்பதால், இன்று ஓர் ஆசிரியர், “நம் ஊர்க் கல்லை எடுத்து வாருங்கள், அதை வைத்தே பாடம் நடத்துவோம்” என்று சொன்னால், “கல் உடைத்தவன் பேரனுக்கு மறுபடியும் கல்தானா?” என்று நம்மிலே சிலர் துணுக்குறக்கூடும். நேர்மையான ஐயம் அது. அதற்கு விடை சொல்லாமல் நகர மாட்டேன்.

அன்று குழந்தையைத் தொழிலிடம் அனுப்ப நினைத்தார்கள். இன்று தொழிலைக் குழந்தையிடம் அழைக்கிறோம். அங்கே போகும் பிள்ளை செய்யக் கற்பான். இங்கே இருக்கும் பிள்ளை கேட்கக் கற்பான். கல் உடைப்பவர் மகனுக்கு மட்டுமன்று, கணக்கர் மகளுக்கும் கடைக்காரர் மகனுக்கும் அதே கல், அதே கேள்வி! வேற்றுமை புரிகிறதன்றோ?

மதுக்கரை சுண்ணாம்புக் கல் விளைந்த மண். 1930-களில் இங்கே சிமெண்ட் ஆலை எழுந்ததும் அந்தக் கல்லை நம்பித்தான். அந்தக் கல்லைக் கொண்டே ஒரு பாடத்தைத் திட்டமிட்டுப் பார்ப்போம்.

முதல் நாள் மாலையே ஆசிரியர் தாமே அதைச் செய்து பார்த்துவிட வேண்டும். தேவையானவை: சுண்ணாம்புக் கல் ஒரு துண்டு, கருங்கல் ஒரு துண்டு, சத்துணவில் கிடைக்கும் முட்டையின் ஓடு, எலுமிச்சம்பழச் சாறு. ஆணியால் கல்லைக் கீறித் துகள் எடுக்கும் வேலை ஆசிரியருடையது. சாறு கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சுட்ட சுண்ணாம்பை மட்டும் வகுப்பறைப் பக்கமே கொண்டு வரலாகாது. அது கண்ணைப் பொசுக்கிவிடும்.

பாடத்திற்குக் கேள்வி ஒன்றே ஒன்று: “சாறு பட்டால் எது நுரைக்கும்?” செய்து பார்ப்பதற்கு முன்னரே ஒவ்வொரு பிள்ளையும் தன் ஊகத்தைச் சொல்லட்டும். சரியா, தவறா என்று ஆசிரியர் முகத்தாலும் காட்டக்கூடாது. சொன்னதைச் சொன்னவாறே கரும்பலகையில் குறித்து வைக்கட்டும். பிறகு நால்வர் நால்வராக அமர்ந்து சொட்டு விடட்டும். கூர்ந்து பார்த்தால் சுண்ணாம்புக் கல் துகளில் குமிழி வரும், முட்டை ஓட்டிலும் வரும், கருங்கல் வாளாவிருக்கும். கண்டதைப் படமாக வரையட்டும், தம் சொந்தப் பேச்சிலேயே சொல்லட்டும். “நொரை வந்துச்சுங்க” என்று சொல்லும் குழந்தையின் மொழியை முதல் நாளே திருத்தி, அதன் வாயை அடைத்துவிடாதீர்கள்!

இங்கே ஆசிரியருக்கு வேண்டிய பெருங்கலை, பொறுத்திருத்தல். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ, வகுப்பறைகளை ஆராய்ந்து 1970-களில் ஓர் உண்மையை வெளியிட்டார். கேள்வி கேட்ட ஆசிரியர் விடைக்காகக் காத்திருந்த நேரம் ஏறத்தாழ ஒரு நொடிதான்! அதை மூன்று நொடியாக நீட்டியபோது பிள்ளைகளின் விடைகள் நீண்டன. அவர்களே கேட்ட கேள்விகளும் பெருகின. இரண்டே நொடிப் பொறுமை! செலவில்லாத சீர்திருத்தம் இதைவிட வேறுண்டோ?

எல்லாவற்றையும் குழந்தையே கண்டுபிடிக்கட்டும் என்று கைகட்டி நிற்பதும் பிழையே. ‘அ’ என்னும் எழுத்தின் ஒலியை எந்தக் குழந்தையும் ஆராய்ந்து அறிய முடியாது. சொல்லித்தான் தர வேண்டும். எழுத்தைக் கற்பிப்போம், உலகைக் கேட்க விடுவோம். இரண்டும் இரு கண்கள்.

தமிழகத்திற்கு இது புதிய பாதையன்று. ஆந்திரத்தின் ரிஷிவேலியில் பல வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாக அமரும் சிற்றூர்ப் பள்ளிகளுக்கென உருவான முறையைத் தழுவி, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கிற்று. சில ஆண்டுகளில் மாநிலமெங்கும் பரவிற்று. ஆசிரியர் நாற்காலியை விட்டிறங்கிப் பாயில் அமர்ந்தார். பிள்ளைக்கு எட்டும் உயரத்திற்குக் கரும்பலகையும் இறங்கி வந்தது. பெருந்தொற்றுக்குப் பின், 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையறிந்து கற்பிக்க முற்பட்டது. நல்ல முயற்சிகள்! ஆனால், அட்டையை எடு, முடி, அடுத்த அட்டைக்குப் போ என்று ஆகிவிட்டால், ஆசிரியரின் ஆணைக்குப் பதில் அட்டையின் ஆணை வந்தது என்பதைத் தவிர மாற்றம் என்ன? கேள்வி குழந்தையிடமிருந்து பிறந்ததா என்பதே உரைகல்.

ஆசிரியரை மட்டும் குறை கூறுவது அறமாகுமா? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை அளவாக வைக்கிறது. வகுப்புகளோ ஐந்து! ஒருவர் கல்லும் சாறும் எடுத்துக்கொண்டு இரண்டு வகுப்பை நடத்தினால், மற்றவர் தலையில் மூன்று வகுப்பு. அந்த ஒருவர் விடுப்பு எடுத்தால்? கேள்வி கேட்கும் குழந்தையை “பேசாதே, கையைக் கட்டு” என்று அடக்குவது ஆசிரியரின் கொடுமையால் மட்டுமன்று, ஆள் பற்றாக்குறையாலும்தான்.

ஆகவே, தோழர்களே, நமக்கு வேலை இருக்கிறது. அதே சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு இடத்தைப் பெற்றோருக்கு அளித்திருக்கிறது. குழுவில் பாதிப்பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தீட்டும் பொறுப்பும் அக்குழுவுக்கே. வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு வடை தின்று திரும்புவதற்கா அந்த உரிமை? வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்ற கோரிக்கையை அந்தத் திட்டத்தின் முதல் வரியாக எழுதுங்கள். எழுதிய தாளை ஊராரிடம் படித்துக் காட்டுங்கள். வீட்டுக்கு வரும் பிள்ளையிடம், “இன்று என்ன படித்தாய்?” என்பதோடு நிறுத்தாமல், “இன்று என்ன கேட்டாய்?” என்றும் கேளுங்கள்.

அந்தக் கல் பாடம் முடிந்த மறுநாள் ஒரு சிறுமி எழுந்து, “ஏனுங்க டீச்சர், முட்டைக்குள்ள கல்லு எப்படிங்க போச்சு?” என்று கேட்கக்கூடும். கோழித் தீவனத்தில் சுண்ணாம்புக் கல் துகளைச் சேர்ப்பதுண்டு என்ற செய்தி அங்கே பிறக்கும். மலையிலிருந்து தீவனத்திற்கு, தீவனத்திலிருந்து முட்டைக்கு, முட்டையிலிருந்து தன் தட்டிற்கு! பாட்டனார் உடைத்த கல்லைப் பேத்தி அறிவால் உடைத்துவிட்டாள்.

அந்தக் கேள்வி எழும்போது, அதைக் கேட்க ஓர் ஆசிரியர் அவ்வகுப்பில் இருக்க வேண்டும், தோழர்களே. இருக்கச் செய்வது நம் கடன்.