கால் வீங்குவது யாரால்?



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது பெரிய சாஸ்திர விஷயமென்று யாரும் பயந்துவிட வேண்டியதில்லை. ஒருவன் காலில் கருவேல முள் தைத்தால் அந்த இடம் ஏன் சிவக்கிறது, ஏன் சுடுகிறது, ஏன் வீங்குகிறது, ஏன் வலிக்கிறது என்பதுதான் விஷயம். இந்த நான்கு குறிகளையும் சுமார் 2000 வருஷங்களுக்கு முன்பே ரோமாபுரியில் செல்சஸ் என்பவர் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் காரணம் விளங்க வெகுகாலம் பிடித்தது. நம் மக்களோ காரணம் தெரியாத இடத்தில் சும்மா இருப்பதில்லை. கண்ணேறு என்றும், காத்துக் கருப்பு என்றும், மிதிக்கக்கூடாததை மிதித்துவிட்டான் என்றும் தாங்களாகவே ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டு மந்திரிக்கப் போய்விடுகிறார்கள்.

உண்மை என்ன? நம் உடம்பிலுள்ள ஒவ்வொரு இரத்தக் குழாயின் உட்புறத்திலும், தளம் பாவியதுபோல், மெல்லிய உயிரணுக்கள் ஒரே அடுக்காய் அமைந்திருக்கின்றன. இது வெறும் தாள் போன்ற ஒரு சவ்வுதானே என்று படித்தவர்களே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1973-ல் நியூயார்க்கில் ஜாஃபி என்பவரும் அவருடைய கூட்டாளிகளும், பிரசவத்திற்குப் பின் நாம் வீசியெறியும் தொப்புள்கொடியின் குழாயிலிருந்து இவ்வணுக்களைப் பிரித்து, பாத்திரத்தில் வளர்த்துக் காட்டினார்கள். அதன் பிறகே இவை செய்யும் வேலையைத் தனியாக வைத்து நன்றாய் ஆராய முடிந்தது. பழைய எண்ணம் தவறென்று தெரிந்ததும் அதை மாற்றிக்கொள்ள விஞ்ஞானிகள் வெட்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

முள்ளோடு அழுக்கும் கிருமியும் உள்ளே போகின்றன. உடனே அங்குள்ள சில அணுக்கள் ஹிஸ்டமின் என்னும் பொருளைக் கக்குகின்றன. அது பட்டதும் குழாயின் உள்ளணுக்கள் சற்றுச் சுருங்கி இடைவெளி விடுகின்றன. அதன் வழியாய் இரத்தத்தின் நீர் கசிகிறது. அதுவே வீக்கம். அவ்வணுக்களே நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவையும் உண்டாக்கிக் குழாயை விரியச் செய்கின்றன. இரத்தம் அதிகம் பாய்கிறது. அதுவே சிவப்பும் சூடும். இப்பொருள்களில் சில நரம்பைத் தூண்டுவதால் வலி.

அடுத்தபடியாக, கிருமியைக் கண்ட காவல் அணுக்கள் டி.என்.எப்., இண்டர்லூகின்-1 என்ற இரசாயனச் செய்திகளை அனுப்புகின்றன. அதைப் பெற்ற உள்ளணுக்கள் சில மணி நேரத்தில் தங்கள் மேல் கொக்கி போன்ற பொருள்களை முளைக்க வைக்கின்றன. வேகமாய் ஓடும் வெள்ளை அணுக்கள் அதில் சிக்கி, உருண்டு, ஒட்டி, இடுக்கில் நுழைந்து வெளியேறிக் கிருமிகளைத் தின்னுகின்றன. வெள்ளை அணுக்கள் இப்படி வெளியேறுவதைத் தவளையின் உடலில் நேரே பார்த்து 1867-ல் எழுதியவர் ஜெர்மனியின் கோன்ஹைம். சீழ் என்று நாம் அருவருப்பது பெரும்பாலும் அந்தச் சண்டையில் மாண்ட வெள்ளை அணுக்களே.

ஆனால் தோழர்களே, இந்தச் செய்தி ஓரிடத்தோடு நில்லாமல் உடம்பு முழுவதும் பரவினால் காப்பதே கொல்லுவதாய் முடியும். எல்லாக் குழாய்களும் கசியும்; இரத்த அழுத்தம் விழும்; சிறு குழாய்களில் இரத்தம் உறையும்; சிறுநீரகம் கெடும். வைத்தியர்கள் இதை செப்ஸிஸ் என்கிறார்கள். புண்ணோடு குளிர் காய்ச்சல், மேல்மூச்சு, புத்தித் தடுமாற்றம், சிறுநீர் குறைதல் ஆகியவை கண்டால் ஒரு மணி நேரங்கூட வீணாக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வேப்பிலை அடித்துக் கழிக்கும் ஒவ்வொரு மணியும் அந்த மனிதனின் உயிரிலிருந்து கழிவதேயாகும்.

கிருமியே இல்லாமல் இச்செய்தி ஓயாது வந்துகொண்டிருப்பதால் மூட்டுகள் வீங்கிக் கெடும் வாதநோயும் உண்டு. லண்டனில் ஃபெல்ட்மன், மைனி என்ற இருவர் டி.என்.எப்.பைத் தடுக்கும் மருந்தை 1992-ல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வீக்கமும் வலியும் குறைந்தன. யாருக்கும் சாந்தி செய்து அது குறையவில்லை. செய்தி எது என்று கண்டுபிடித்து அதை மறித்ததால் குறைந்தது.

ஆகவே, நான் சொன்னேன் என்பதற்காக எதையும் நம்பிவிடாதீர்கள். அடுத்த முறை வீட்டில் ஒருவருக்குக் கால் வீங்கினால், இது யாரால் வந்தது என்று கேட்பதை விட்டு, எதனால் வந்தது என்று கேளுங்கள். புண்ணைச் சோப்பும் சுத்தமான தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். வைத்தியரிடம் காட்டுங்கள். அந்த ஒரு கேள்வியை மாற்றிக்கொண்டால் ஓர் உயிர் மிஞ்சும் என்று சொல்லி என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.