மீனுக்கும் நஞ்சுக்கும் இடையே ஒரு மெய்



பிரெஞ்சு மொழியின் மெய்யொலிகளைத் தமிழர் எவ்வாறு பயில்வது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். உவரிக்கும் பிரெஞ்சுக்கும் என்ன உறவு என்று எவரேனும் வினவலாம். உவரி என்னும் சொல்லுக்கே கடல் என்று பொருள். கடலோரத்தார் காதுக்கு அயலொலி என்றும் புதிதன்று. 1542ஆம் ஆண்டு தூய சவேரியார் இம்முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவருக்குப்பின் வந்த அண்டிரிக் அடிகளார் தமிழைப் பேசவும் எழுதவும் கற்று, போர்த்துக்கீசிய மொழியில் தமிழுக்கு இலக்கணம் வரைந்தார். 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலை அச்சேற்றினார். நம் எழுத்துகளின் பிறப்பை அயலார் கற்ற கரை இது. அதே வேலையை இன்று நாம் எதிர்த்திசையில் செய்யப் பார்க்கிறோம்.

அக்காலத்தில் நம் மொழிக்குள் வந்த சொற்களில் ஒன்று ‘பொத்தான்’. போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தது. அச்சொல்லின் உடன்பிறப்பு பிரெஞ்சிலும் உண்டு. பிரெஞ்சிலிருந்து அதை ஆங்கிலம் எடுத்துக்கொண்டது. ஆங்கிலத்திலிருந்து நாம் மீண்டும் வாங்கினோம். அது ‘பட்டன்’ ஆயிற்று. ஒரே சொல், இரு வழியாக வந்தது. ஒன்றில் தகரம், மற்றொன்றில் டகரம். போர்த்துக்கீசியரும் பிரெஞ்சுக்காரரும் நாநுனியைப் பல்லில் ஒற்றி அவ்வொலியைப் பிறப்பிக்கின்றனர். ஆங்கிலேயரோ பல்லை விட்டு மேலே, ஈற்றின் மேட்டில் ஒற்றுகின்றனர். அது நம் காதில் டகரமாக விழுகிறது.

நான் வலியுறுத்த விரும்புவது இதுதான். பிரெஞ்சை ஆங்கிலத்தின் வழியாகக் கற்கும் தமிழ் மாணவர், தம் வாயில் பிறவியிலேயே உள்ள தகரத்தைத் துறந்து டகரத்தைக் கடன் வாங்குகின்றனர். ஆங்கில வழிவந்த வரலாற்று நூல்களில் ‘டியூப்ளே’ என்று படிக்கிறோம். புதுச்சேரித் தமிழில் அவர் ‘துய்ப்ளே’. அங்குள்ள தெரு ‘துய்மா வீதி’; பள்ளி ‘பெத்தி செமினார்’. இலக்கணம் கற்றா அம்மக்கள் அவ்வாறு எழுதினர்? காதால் கேட்டதை எழுதினர்; எழுத்து சரியாக அமைந்தது.

ககர, பகரங்களிலும் நமக்கு இத்தகைய நன்மை உண்டு. ஆங்கிலேயர் சொல்லின் முதலில் பகரத்தை ஒலிக்கும்போது ஒரு மூச்சு வெடித்து வெளிவரும். வாயருகே மெழுகுவத்தியை ஏற்றிவைத்தால் சுடர் ஆடும். பிரெஞ்சுப் பகரத்துக்குச் சுடர் அவ்வளவாக ஆடாது. ‘பல்’ என்று நாம் சொன்னாலும் ஆடாது. ஞகரமும் பிரெஞ்சில் தனி மெய்யாகவே வரும், சொல்லின் இறுதியிலும் வரும். ‘உரிஞ்’ என்னும் சொல்லைச் சான்று காட்டிய இலக்கணத்தார்க்கு இதில் வியப்பில்லை.

இங்கே இரண்டு நூல்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டுகிறேன். ஒன்று தொல்காப்பியப் பிறப்பியல். மற்றொன்று பிரெஞ்சு நாடகாசிரியர் மொலியேர் 1670இல் அரங்கேற்றிய, கனவானாக விரும்பும் வணிகனைப் பற்றிய நகைச்சுவை நாடகம். அதில் மெய்யியல் ஆசான் ஒருவர், பணம் படைத்த அவ்வணிகனுக்கு எழுத்துகளின் பிறப்பைக் கற்பிக்கிறார். தகர இனத்துக்கு நாநுனி மேற்பல்லின் மேல் பட வேண்டும் என்கிறார். ஃபகரத்துக்கு மேற்பல் கீழுதட்டில் அழுந்த வேண்டும் என்கிறார். ரகரத்துக்கு நாநுனி அண்ணத்துக்கு உயர்ந்து அதிர வேண்டும் என்கிறார். அரங்கத்தில் இருந்தோர் சிரிப்பதற்காக எழுதப்பட்ட காட்சி அது. நாம் அதைச் சிரிக்காமல் படிக்கலாம். மேற்பல்லும் இதழும் இயைய வகரம் பிறக்கும் என்று தொல்காப்பியரும் சொல்கிறார். அதே இடத்தில், குரலை நிறுத்தி மூச்சை மட்டும் உரசவிட்டால் ஃபகரம் கிடைக்கும். இடம் நம்முடையது, முயற்சியை மட்டும் மாற்ற வேண்டும்.

நன்மைகளைச் சொன்னேன். இனி இடர்ப்பாடு.

பிரெஞ்சில் மீனைக் குறிக்கும் சொல்லைத் தமிழில் எழுதினால் ‘புவஸோன்’. நஞ்சைக் குறிக்கும் சொல்லும் ‘புவஸோன்’. பானத்தைக் குறிப்பதும் ‘புவஸோன்’! நம் எழுத்தில் மூன்றும் ஒன்று. அவர்கள் வாயில் மூன்றும் வேறு. மீனின் நடுவில் உள்ள ஸகரம் குரலற்றது. நஞ்சின் நடுவில் உள்ளது குரலோடு கூடியது. பானத்தின் முதலெழுத்து, ‘கம்பு’ என்பதில் மகரத்தை அடுத்து நாம் ஒலிக்கும் பகரம். மீன்பிடித்து வாழும் ஊரில் நின்று இதைச் சொல்கிறேன்: உணவகத்தில் மீன் கேட்கப் போய் நஞ்சு கேட்டுவிடலாம்.

இதன் காரணம் நம் நா தடித்தது என்பதன்று. குரலொலி வல்லினம் நம்மிடம் உண்டு. தங்கம், பந்து, கம்பு என்று நாளெல்லாம் ஒலிக்கிறோம். ஆனால் அது வரும் இடத்தை மொழி நமக்காக முடிவு செய்துவிடுகிறது, நாமாகத் தேர்வதில்லை. பிரெஞ்சில் தேர்ந்தாக வேண்டும். அவ்வளவே.

இதை ஏன் இத்தனை விரிவாகச் சொல்கிறேன்? இக்கடற்கரையைச் சேர்ந்த என் மாணவி ஒருத்தி, நகரத்து வகுப்பொன்றில் பிரெஞ்சு பயிலச் சேர்ந்தாள். உங்கள் ஊர் நாக்குக்கு இதெல்லாம் வராது என்று அங்கே சொன்னார்களாம். மூன்றாம் வாரமே நின்றுவிட்டாள். அவளைக் ‘கம்பு’ என்று சொல்லச் சொன்னேன். பிறகு ககரத்தை விட்டு, மகரத்தை நீட்டி, பகரத்தில் விடச் சொன்னேன். பிறகு மகரத்தையும் சுருக்கச் சொன்னேன். கழுத்தில் கைவைத்து ‘ஸ்’ என்று இழுத்து, வண்டு இரைவதுபோல் அதில் குரலைக் கலக்கச் சொன்னேன். ஒரு மாலைப்பொழுதில் மீனும் நஞ்சும் பானமும் பிரிந்து நின்றன. மேல்நிலை வகுப்பில் மதிப்பெண்ணுக்காகத் தமிழைத் துறந்து பிரெஞ்சை எடுக்கும் வழக்கத்தை நான் ஒருநாளும் ஆதரித்ததில்லை. ஆயினும் தமிழறிந்தவர்க்குப் பிரெஞ்சு வராது என்று சொல்வதை அதைவிடப் பொறுக்கமாட்டேன்.

கவிஞர்களோடு ஒரு சிறு வழக்கும் எனக்கு உண்டு. சிற்றிதழ்களில் ‘ழான்’ என்றும் ‘ழாக்’ என்றும் பிரெஞ்சுப் பெயர்களை அச்சிடுகின்றோம். ழகரம் மொழிக்கு முதலில் வாராது என்னும் விதியை ஒருபுறம் வைப்போம்; அயற்பெயருக்கு அவ்விதியைத் தளர்த்தலாம். ஆனால் ஒலி அதுவன்று. ழகரத்தில் நா வளைந்து அண்ணத்தை வருடும், காற்று உரசாது. பிரெஞ்சு ஒலியில் நா வளைவதில்லை, காற்று உரசும். ‘விஷம்’ என்பதன் ஷகரத்தை எடுத்து, நாவை வளைக்காமல், குரல் கலந்தால் அது கிடைக்கும். ‘ழாக்’ என்று எழுதுவதை அடையாளமாக ஏற்கிறேன். அப்படியே படித்தால் ஏற்கமாட்டேன்.

ரகரத்தைப் பற்றிப் பலர் அஞ்சுகின்றனர். மொலியேரின் ஆசான் கற்பித்தது நாநுனி ரகரம், ஏறக்குறைய நம்முடையதே. அடிநாவும் உள்நாக்கும் உரசப் பிறக்கும் இன்றைய ரகரம் பிற்காலத்தில்தான் பொதுவழக்காயிற்று. பழையது பிரான்சின் நாட்டுப்புற முதியோர் வாயில் நெடுங்காலம் நிலைத்தது. எனவே நம் ரகரத்தால் பொருள் கெடாது. புதியதை விரும்புவோர், ‘பகல்’ என்னும் சொல்லின் இடைக்ககரத்தை இன்னும் தொண்டைப் பக்கம் தள்ளிப் பார்க்கலாம். காயல்பட்டினத்தில் அரபு ஓதப் பழகிய சிறுவர்க்கு இது எளிது. அதற்கு அண்மையான ஒலி அரபு நெடுங்கணக்கிலேயே இருக்கிறது.

இறுதியாகப் புணர்ச்சி. ‘பெத்தி’ என்னும் சொல்லுக்குச் சிறிய என்று பொருள். எழுத்தில் அதன் ஈற்றில் ஒரு தகரமெய் உண்டு; தனித்து ஒலிக்கும்போது உறங்கும். நண்பனைக் குறிக்கும் ‘அமி’ என்னும் சொல் பின்னே வந்தால் விழித்தெழுந்து, வருமொழி உயிரைத் தன்மேல் ஏற்றிக்கொண்டு ‘பெத்தித்தமி’ ஆகும். பிற மொழியினர் இதை மனப்பாடம் செய்து அல்லற்படுகின்றனர். மெய்யின்மேல் உயிரேறுவதை நன்னூலில் படித்த நம் பிள்ளைகளுக்கு ஒரே வகுப்பு போதும். ஐயமுடையோர் கூட்டம் முடிந்தபின் என்னிடம் வாருங்கள், மெழுகுவத்தியும் கொண்டுவந்திருக்கிறேன்.